நூல்நிலையத்துக் கணினியும் நம் பிள்ளைகளும்

பட்டணத்துப் பொது நூல்நிலையத்தின் உட்கூடத்திலே, சன்னலோரமாக ஆறு கணினிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே, சுவரிலே, கண்ணாடிச் சட்டமிட்டு ஒரு தாள் தொங்குகின்றது. கணினியையும் இணையத்தையும் பயன்படுத்துவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் 14 அதில் அச்சிடப்பட்டுள்ளன. ஒரு பாதி தேசிய மொழியில். மறு பாதி ஆங்கிலத்தில். அக்கூடத்துக்குப் பன்முறை சென்று வந்துள்ள நாம், உண்மையைச் சொல்வதாயின், சென்ற ஆண்டுவரை அத்தாளை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்ததில்லை. படிக்க வேண்டிய தேவையை உண்டாக்கியவள் நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

வரலாற்றுப் பாடத்துக்குரிய செயல்திட்டம் ஒன்றை முடிப்பதற்காக அவள் ஒரு சனிக்கிழமை காலை தன் அண்ணனுடன் பேருந்தேறிப் பட்டணம் சென்றாள். அண்ணனுக்கு வயது 14. மேசையில் இருந்த அலுவலர் இருவருடைய உறுப்பினர் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருந்தாலன்றிக் கணினியைப் பயன்படுத்தலாகாது என்பது ஐந்தாவது விதி. 14 வயது அண்ணன் பாதுகாவலன் ஆகமாட்டான். அலுவலர் கடிந்து பேசவில்லை. சிறுவர் பகுதியில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம் என்றுதான் சொன்னார். ஆயினும் பிள்ளைகள் இருவரும் வெட்கமுற்று, அடுத்த பேருந்துக்கு வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பினர். அந்நேரத்தில் அவர்களுடைய தாயார் நாற்றங்காலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். தந்தையார் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையாவது தந்தையார் உடன் செல்லலாமே என்று சிலர் கேட்கக்கூடும். காய் மிகுந்த மாதங்களில் ஞாயிறு என்பது இரட்டைச் சம்பள நாள். அதை விட்டுக்கொடுக்கும் நிலையில் அக்குடும்பம் இல்லை.

இச்செய்தி லயத்துக்கு லயம் பரவியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர், தோட்டத்துப் பிள்ளைகள் என்பதனால்தான் விரட்டினார்கள் என்று கொதித்தனர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. பட்டணத்து வீடமைப்புப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைக்கும் அதே விதிதான். ஆனால் அப்பிள்ளையின் வீட்டிலே கணினி இருக்கின்றது. நூல்நிலையம் மறுத்தால் அவன் வீட்டுக்குப் போய் வேலையை முடித்துக்கொள்வான். நம் பிள்ளைக்கோ அந்தச் சன்னலோரக் கணினியை விட்டால் வேறு கதியில்லை. விதியை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே நம் எண்ணம். பகையினால் அன்று, பழக்கமின்மையினால்.

விதி ஏன் வந்தது என்பதையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். இணையம் என்பது நூல்நிலையத்து அலமாரியைப் போன்றதன்று. அலமாரியில் உள்ள ஒவ்வொரு நூலையும் யாரோ ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்து, எண்ணிட்டு, அடுக்கி வைத்திருக்கின்றார். இணையத்தில் அத்தகைய கை எதுவும் குறுக்கே நிற்பதில்லை. தீயவற்றைத் தடுக்கும் மென்பொருள்கள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை சொற்களைக் கண்டு தடுப்பவை. பொருளை உணர்ந்து தடுப்பவை அல்ல. மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் படிக்க விரும்பும் ஒரு தாயைத் தடுத்துவிட்டு, தீய படம் ஒன்றை உள்ளே விட்டுவிடுதலும் அவற்றின் இயல்பு. அதனினும் பெரிய இடர், மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் முகந்தெரியாத மனிதன். பிள்ளையைப் போலவே பேசி, பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டைச் சொல்லி, சிறுகச் சிறுக நட்புக்கொண்டு, பின்னர்ப் படம் கேட்கின்ற கயவர்கள் இருக்கின்றார்கள். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிறார்க்கெதிரான பாலியல் குற்றச் சட்டம், அவ்வாறு வலைவீசுவதையே தனிக் குற்றமாக்கியுள்ளது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நூல்நிலையம் கேட்பது இதன்பொருட்டே. ஆதலின் ஐந்தாவது விதியை நீக்குக என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் யாராக இருக்கலாம் என்பதையே கேட்கின்றோம்.

இங்கே நமக்குப் பழைய தோட்டத்துப் படிப்பகம் நினைவுக்கு வருகின்றது. இன்றைய மாணவர்களின் பாட்டன்மார் அதனை அறிவர். கோயிலுக்குப் பக்கத்தில் தகரக்கூரை வேய்ந்த ஓர் அறை, ஒரு நீண்ட மேசை, இரண்டு பலகைகள். 1924ஆம் ஆண்டில் தொடங்கி 2019ஆம் ஆண்டில் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ் மாலையில் வந்து சேரும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிப்பார். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தோர் சுற்றி அமர்ந்து கேட்பர். அங்கும் விதிகள் இருந்தன. கையில் ரப்பர் பால் ஒட்டியிருந்தால் கழுவிவிட்டுத்தான் இதழைத் தொட வேண்டும். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகக்கூடாது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பிடுங்கக்கூடாது. சுருட்டு வெளியே. இவ்விதிகளை எவரும் சட்டமிட்டு மாட்டவில்லை. அவை அங்கு அமர்ந்திருந்தவர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவை. ஆதலின் எல்லார்க்கும் தெரிந்திருந்தன, காரணமும் தெரிந்திருந்தது. ஒரே இதழைப் பலர் பகிர்ந்துகொண்டதனால் விதி பிறந்தது. இன்று ஆறு கணினிகளை ஒரு பட்டணமே பகிர்ந்துகொள்கின்றது.

விதிகள் பதினான்கிலும் நாம் மனமார ஏற்பவை பல. உண்ணாதே, பருகாதே, சத்தமாகப் பேசாதே என்பனவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பதாவது விதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் தம் கணக்கிலிருந்து முறையாக வெளியேற வேண்டும் என்பது அது. மிகச் சிறிய விதிபோலத் தோன்றுகின்றது. நம் பள்ளியில் பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுள்ள ஒரு பெண், நூல்நிலையத்துக் கணினியில் தன் முகநூலைத் திறந்து பார்த்துவிட்டு, திரையில் இருந்த சாளரத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். சாளரத்தை மூடினால் எல்லாம் மூடிவிட்டது என்று எண்ணினாள். அவ்வாறன்று. கணக்கினுள் நுழைந்ததற்கான அடையாளக் குறிப்பு ஒன்றைக் கணினி தன்னிடத்தே வைத்துக்கொள்கின்றது. நூல்நிலையத்தார் அதனைத் தானே அழியுமாறு அமைத்திருந்தாலன்றி, அடுத்து வந்து அமர்பவர் அதே தளத்தைத் திறந்தவுடன் முன்னவருடைய கணக்கே அவர்முன் விரியும். அன்று அப்படித்தான் விரிந்தது. யாரோ ஒரு விளையாட்டுப் பிள்ளை, அவளுடைய பெயரிலே, அவளுடைய அத்தைமார்க்கும் தோழியர்க்கும் இங்கே எழுதத்தகாத சொற்களை எழுதி அனுப்பினான். உண்மை தெரிய இரண்டு நாட்கள் ஆயின. அவ்விரண்டு நாட்களும் அடுத்தடுத்த லயத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

மாணவர்களே, இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பொதுக் கணினியில் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்குமாயின், வேண்டா என்று சொல்லுங்கள். மறந்து எழுந்து வந்துவிட்டால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ கணக்கைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வழியும் அங்கே உண்டு. பெற்றோர்களுக்கும் ஒரு சொல்: வங்கிக் கணக்குப் பார்க்கும் வேலையைப் பொதுக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டா. விரலியைச் செருகிக் கோப்புகளை எடுத்துச் செல்பவர்கள், வீட்டிலோ பள்ளியிலோ அதனைத் திறக்குமுன் நச்சுநிரல் இருக்கின்றதா என்று சோதிப்பதும் நலம்.

கூடத்தில் இருக்கும் பிறரைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் ஏற்றக்கூடாது என்ற பதினோராவது விதியும் நல்ல விதியே. தூங்கி வழியும் முதியவரையும், தப்பாக எழுதும் சிறுவனையும் படமெடுத்து நகைப்பது இன்று பெரியவர்களிடமே மலிந்துவிட்டது. இதில் பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோர்களுக்கே அறிவுரை தேவைப்படுகின்றது என்று நாம் சொன்னால் எவரும் சினங்கொள்ள வேண்டா. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு ஆபாசமான, பொய்யான, மிரட்டலான செய்திகளை அனுப்புவதைக் குற்றமென்கின்றது. அதற்குரிய உச்சத் தண்டனை முன்பு 50,000 ரிங்கிட் அபராதமும் ஓராண்டுச் சிறையுமாக இருந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி அஃது 5,00,000 ரிங்கிட், ஈராண்டு என உயர்ந்துவிட்டது. புலனக் குழுவில் வந்ததைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதானே என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நமக்கு உடன்பாடில்லாதவற்றைச் சொல்வோம்.

சமூக ஊடகத் தளங்களையும் காணொளித் தளங்களையும் எவ்வகையிலும் திறக்கலாகாது என்பது ஏழாவது விதி. இதில் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டியிருக்கின்றார்கள். முகநூல் போன்றவற்றில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. 2026ஆம் ஆண்டு முதல் 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருக்க இயலாதவாறு செய்யப்போவதாக நம் அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஆகவே தொடக்கப்பள்ளி மாணவர்க்கு அத்தளங்கள் மறுக்கப்படுவதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் காணொளி அப்படியா? ஆசிரியர்கள் பாடங்களை வலையொளியில் பதிவேற்றுகின்றார்கள். பின்னத்தையும் தசமத்தையும் அங்கே பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளைகள் நம் பள்ளியிலேயே உளர். வீட்டில் அகன்ற அலைவரிசை உள்ள பிள்ளை அதனை வேண்டுமளவு பார்க்கின்றான். தந்தையின் கைப்பேசியில் மாதக் கடைசியில் தரவு தீர்ந்துபோன வீட்டுப் பிள்ளைக்கு நூல்நிலையமே துணை. அங்கும் தடை என்றால் யாரைத் தடுத்தோம்? சத்தம் வரும் என்பது காரணமானால் காதொலிப்பான் அணியட்டும். நேரம் வீணாகும் என்பது காரணமானால் என்ன பாடம் என்று அலுவலரிடம் சொல்லிவிட்டு அமரட்டும். தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுப்பதைவிட, செய்யும் வேலையைப் பார்த்து ஒப்புவதே முறை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் கைப்பேசி வழியாக வந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தது. அதுவும் பகலெல்லாம் தந்தையின் சட்டைப்பையில் காட்டுக்குள் இருந்தது. அவர் மாலையில் வந்தபின் மூன்று பிள்ளைகளும் முறைவைத்துக் காலைப் பாடத்தைப் பார்த்தார்கள். அந்நாட்களில் நூல்நிலையமும் அடைபட்டிருந்ததனால் அதன்மேல் குறை சொல்ல வழியில்லை. ஆனால் பொதுக் கணினி யாருக்காக இருக்கின்றது என்பதை அக்காலம் நமக்கு நன்றாகக் காட்டிற்று.

அடுத்தது ஒரு மணி நேர விதி. காத்திருப்போர் இருக்கும்போது இது நியாயமே. ஆனால் பிற்பகலில் நான்கு கணினிகள் வெறுமனே இருக்கும்போதும் ஒரு மணி நேரத்தில் திரை தானே அணைந்துவிடுகின்றது. விசைப்பலகைக்குப் பழகாத பிள்ளை பத்து வரி தட்டச்சுச் செய்வதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கின்றது. தமிழில் என்றால் இன்னும் மிகுதி. ஏனெனில் அக்கணினிகளில் தமிழ் விசைப்பலகை இயக்கப்பட்டிருக்கவில்லை. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் அவர்கள் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கி, உலகத் தமிழர் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழிசெய்தவர். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இன்றைய கணினிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளடங்கியே வருகின்றது. அமைப்பில் ஒருமுறை இயக்கிவிட்டாற் போதும், காசு செலவில்லை. ஆனால் கணினியின் அமைப்புகளை மாற்றலாகாது என்பது மூன்றாவது விதி! ஆகவே தமிழ் எழுத விரும்பும் பிள்ளை விதியை மீற வேண்டும், அல்லது தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அலுவலர் ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் தீரக்கூடிய இக்குறை இத்தனை காலம் இருந்ததற்கு நாமும் பொறுப்பாளிகள். நாம் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

தமிழ் விசைப்பலகை எதற்கு, தமிழில் தேடிப் படிக்க என்ன இருக்கின்றது என்று ஒரு பெற்றோர் நம்மிடம் கேட்டார். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பினால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகின்றது; எவரும் இலவசமாகப் படிக்கலாம். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பில் அந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் மின்வடிவில் உள்ளன. இவையெல்லாம் அந்தச் சன்னலோரக் கணினிக்குள்ளே இருக்கின்றன. நம் பிள்ளைக்குத் தெரிந்ததோ கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றுதான். இது நூல்நிலையத்தின் குற்றமன்று. காட்டிக் கொடுக்காத நம் குற்றமே.

இறுதியாக மொழியைப் பற்றி. உறுப்பினர் படிவத்தின் அடியில், விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்ற வரியின்கீழ்ப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். நம் பெற்றோர் பலர் அதனைப் படியாமலே கையொப்பமிட்டிருக்கின்றார்கள். கைநாட்டு வைத்த காலத்தைக் கடந்து வந்ததாகப் பெருமை கொள்கின்றோம்; படியாத தாளில் இடும் கையொப்பத்துக்கும் கைநாட்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. தேசிய மொழியில் உள்ளது, படித்தால் புரியுமே என்பர். அன்றாடப் பேச்சுக்கான மலாய் வேறு. சட்டத்தார் எழுதும் மலாய் வேறு.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டில் தேசிய நூல்நிலையச் சட்டம் வந்தது. அதன்பின் நாடெங்கும் கிராம நூல்நிலையங்கள் எழுந்தன. பின்னர் இணைய மையங்களும் வந்தன. அவை இப்போது நாடி என்ற பெயரில் நடைபெறுகின்றன. தமிழர்க்குப் பொருள் விளங்கக்கூடிய நல்ல பெயர்தான். ஆனால் தோட்டம் என்பது தனியார் நிலம். கிராமத்துக்குக் கிடைத்த வசதிகள் பல, தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் சொன்னது. நூல்நிலையம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவேதான் பேருந்துக் கட்டணம் கொடுத்துப் பட்டணம் போக வேண்டியிருக்கின்றது. அவ்வளவு தூரம் வந்த பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்புவது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கும்போது, சலுகை கேட்பதாக எவரும் கருத வேண்டா.

இக்கருத்துகளையெல்லாம் கூட்டத்தில் ஆராய்ந்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரால் நூல்நிலையத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினோம். சினந்து எழுத வேண்டும் என்றோர் சிலர். மென்மையாக எழுதுவோம் என்றோர் சிலர். மென்மையே வென்றது. ஐந்தாவது விதியில் பாதுகாவலர் என்பதில் பள்ளி ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுமாறும், காத்திருப்போர் இல்லாதபோது நேரத்தை நீட்டுமாறும், காதொலிப்பானுடன் பாடக் காணொளி பார்க்க விடுமாறும், தமிழ் விசைப்பலகையை இயக்குமாறும், விதிகளைத் தமிழிலும் வைக்குமாறும் கேட்டிருந்தோம்.

ஆறு வாரங்களுக்குப் பின் மறுமொழி வந்தது. தலைமையாசிரியரின் கடிதத்தோடு வரும் ஆசிரியர் ஒருவர், எட்டுப் பிள்ளைகள்வரை பாதுகாவலராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். நேர நீட்டிப்புக்கும் இசைந்துள்ளனர். காணொளியைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்கின்றார்கள். அது மறுப்புக்கு நாகரிகப் பெயரா என்று நமக்குத் தெரியவில்லை. மீண்டும் கேட்போம். விசைப்பலகையை அன்றே இயக்கிவிட்டார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொரு விசையிலும் ஒட்டுவதற்குத் தமிழெழுத்துத் தாள் வேண்டும் என்று அவர்களே கேட்டது நமக்கு மகிழ்ச்சியளித்தது. விதிகளைத் தமிழில் எழுதித் தந்தால் சட்டமிட்டு மாட்டுவோம் என்றும் கூறியுள்ளனர்.

அந்தத் தமிழாக்கத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆசிரியர்களின் துணையோடு செய்து முடித்துவிட்டார்கள். ஒன்பதாவது விதியில் ஒரு சொல்லுக்கு மட்டும் வகுப்பில் வாதம் நடந்தது. விடுபதிகை செய்க என்று எழுத வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர். அப்பாவுக்குப் புரியாது, கணக்கை மூடிவிட்டு எழுந்திரு என்று போடலாம் என்றான் ஒரு மாணவன். மாணவன் சொன்னதே அச்சாகியுள்ளது. அத்தாளின் படி ஒன்று பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கின்றது. பிள்ளைகளை விட வரும் பெற்றோர் ஒருமுறை நின்று படிக்க வேண்டுகின்றோம். வீட்டில் உங்கள் கையிலிருக்கும் கைப்பேசிக்கு இவற்றுள் எத்தனை பொருந்தும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தின் முதற் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து வேன் புறப்படுகின்றது. ஒரு முறைக்கு எட்டுப் பேர். பெயரை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அச்சுப்படிக்குப் பக்கத்துக்கு 20 காசு கொண்டுவர வேண்டும். அந்த ஐந்தாம் ஆண்டு மாணவி இரண்டாவது பயணத்தில் தன் செயல்திட்டத்தை முடித்து, ஏழு பக்கங்களை 1 ரிங்கிட் 40 காசுக்கு அச்சிட்டு எடுத்து வந்தாள். அவளுடைய அண்ணனும் கூடவே போயிருந்தான். அவன் பக்கத்துக் கணினியில் அமர்ந்து தமிழ் எழுத்துகள் எந்தெந்த விசையில் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தான்.